லேக் வியூ

வீட்டை விற்பது என்று முடிவானது ஒரு தைப்பொங்கல் அன்று. முற்றத்தில் வைத்த பானை கிழக்குப் பக்கமாகப் பொங்கியது; எல்லாருக்கும் சந்தோஷம். பொங்கல் தட்டோடு உள்ளே வந்த என் மனைவி, திறக்காத முன்கதவைத் தோளால் இடிக்க, தட்டிலிருந்ததில் பாதி விறாந்தையில் கொட்டியது. அந்தக் கதவு மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும். வெயில்காலத்தில் சுருங்கி இரண்டு விரல் இடைவெளி காட்டும். முப்பத்தெட்டு வருஷமாக அதை ஒரு கலண்டர் மாதிரிப் பாவித்துவந்தோம். "இந்தக் கதவும் வேணாம், இந்த வீடும் வேணாம்" என்றாள் மனைவி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கொட்டியதை வழித்து வாழையிலையில் வைத்துக் காக்கையைக் கூப்பிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

கதவு ஒரு சாட்டுத்தான். நிஜமான காரணம் படிகள். தெல்தெனிய ரோட்டிலிருந்து எங்கள் வீட்டு வாசலுக்கு நாற்பத்தொரு படிகள். நான் கணக்கு வாத்தியார். எண்ணாமல் ஏறத் தெரியாது. அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. படிக்குக் கிட்டத்தட்ட இரண்டு வயது வீதம் கழிந்துவிட்டது என்று ஒருநாள் நான் கணக்குச் சொன்னபோது, "ஒனக்குச் சம்பளம் குடுக்குறாங்களே, அதச் சொல்லணும்" என்றார். கண்டியில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில், சமதரையில், ஒரு சின்ன வீடு பார்ப்பதாகத் திட்டம். கண்டியில் சமதரையில் வீடு தேடுவது யாழ்ப்பாணத்தில் மலை தேடுவது போல என்பது பிறகு தெரிந்தது. அது வேறு கட்டுரை.

கனடாவில் இருக்கும் அண்ணனுக்குச் செய்தி போன அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "தம்பி, அப்படியே விக்காதே. அங்க ஒரு பெயின்ட் அடிச்சு, இங்க ஒரு டைல் போட்டு வித்தா விலை ரெண்டு மடங்கு." கனடாவில் அப்படித்தானாம். ஒரு வீட்டை விற்பதற்கென்றே தளபாடம் வாடகைக்கு எடுத்துப் போட்டு, மேசையில் பழத்தட்டு வைத்து, அடுப்பில் கறுவாப்பட்டை கொதிக்க வைத்து வாசனை காட்டுவார்களாம். எங்கள் வீட்டில் கறுவாப்பட்டை கொதித்தால் யாருக்கோ வயிற்றுவலி என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார். இருந்தாலும் அண்ணன் சொன்னால் சொன்னதுதான். அதோடு பணமும் அனுப்புகிறார்.

முதலில் தரகர் வந்தார். ஸ்கூட்டரை ரோட்டிலே நிறுத்திவிட்டு நாற்பத்தொரு படியும் ஏறி, மூச்சு வாங்க விறாந்தையில் உட்கார்ந்தவர், பிளேன்டியை ஒரே மடக்கில் முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். சுவரில் முருகன், லட்சுமி, அப்பாவின் மாலை போட்ட படம், என் கல்யாணப் படம், மகளின் பட்டமளிப்புப் படம், நகைக்கடைக் கலண்டர்கள் நான்கு. அவற்றில் ஒன்று 2011.

"சேர், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. வீட்ட விக்கணும்னா மொதல்ல வீட்டுக்குள்ளேருந்து நீங்க வெளிய போகணும்."

"விற்ற பிறகுதானே போவோம்?"

"அப்படி இல்ல சேர். ஆளுங்க இருக்கலாம். ஆளுங்க இருக்கிற மாதிரித் தெரியக் கூடாது. வாறவன் தன்ட படத்த இந்தச் சுவர்ல மாட்டிப் பார்க்கோணும்."

அன்றிரவே ஆணிகளைப் பிடுங்க உட்கார்ந்தேன். விறாந்தை, சாலை, இரண்டு அறைகளிலும் சேர்த்து அறுபத்தேழு ஆணிகள். படமோ பதினைந்துதான். மிச்ச ஐம்பத்திரண்டில் என்ன தொங்கியது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஓர் ஆணியைப் பிடுங்கியதும் கைப்பிடி அளவு பூச்சு கூடவே வந்தது. அந்தச் சுவரை இத்தனை நாள் தாங்கிப் பிடித்தது அந்த ஆணிதானோ என்னவோ.

அதற்கு முன், அன்று போகும்போது தரகர் விறாந்தை ஓரத்தில் நின்று மேற்கே பார்த்தார். கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் வெயிலில் தகடு மாதிரி மின்னியது. அவர் முகமும் மின்னியது. நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டார். லேக் வியூ.

"சேர், இதுதான் உங்கட வீடு. மத்ததெல்லாம் சும்மா செங்கல்லு. பேர்ச்சஸுக்கு ஒரு லட்சம் கூடக் கேக்கலாம்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சாதாரணமாகவே அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். அந்த லேக் எங்களுக்குப் பிறகு வந்தது.

வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன். நீங்கள் கண்டியிலிருந்து மகியங்கனை பஸ்ஸில் ஏறினால் குண்டசாலை, திகன தாண்டி வரும் தெல்தெனிய இரண்டாவது தெல்தெனிய. முதலாவது தண்ணீருக்குள் இருக்கிறது. சிங்களத்தில் தெல் என்றால் எண்ணெய், தெனிய என்றால் பள்ளத்து வயல். எண்ணெய்ப் பெயர் வைத்த பள்ளத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். முப்பது வருஷத்தில் செய்வதாக இருந்த மகாவலித் திட்டத்தை ஆறு வருஷத்தில் முடிப்பதென்று ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் புறப்பட்டது, காமினி திசாநாயக்க அமைச்சர், பிரித்தானியாவின் பணம், மகாவலிக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரத்தில், இரண்டு பக்கமும் வளைந்த கொங்கிரீட் சுவர். 1985 ஏப்ரலில் மார்கரெட் தாச்சர் நேரில் வந்து திறப்பு விழா நடந்தபோது ஹுலு கங்கைக் கரையிலிருந்த பழைய நகரம், அதிலிருந்த எங்கள் சில்லறைக்கடை, கடைக்குப் பின்னால் எங்கள் வீடு, எல்லாம் மீனுக்குப் போய்விட்டன. இருநூற்றுப் பத்து மெகாவாட் மின்சாரம் வருகிறது. எங்கள் வீட்டுப் பட்டியலில் அதற்கென்று ஒரு சதமும் கழிப்பதில்லை.

அந்த வீட்டைத்தான் அப்பா முதலில் விற்றார். விற்றார் என்பது மரியாதைக்கு. அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆனால் எடுப்பதற்கு முன்னால் விலைமதிப்பு உத்தியோகத்தர் வருவார் என்று செய்தி வந்ததும் அப்பா செய்த காரியம் இருக்கிறதே, அண்ணனுடைய கறுவாப்பட்டை எல்லாம் அதற்கு முன்னால் தூசு. சுண்ணாம்பு வாங்கி, நீலம் கலந்து, வீடு முழுக்க வெள்ளையடித்தார். இன்னும் கொஞ்ச நாளில் தண்ணீருக்குள் போகப் போகிற வீட்டுக்கு! தெருவே சிரித்தது. மறுவாரம் அதே தெருவில் நாலைந்து வீட்டு வாசலில் சுண்ணாம்புச் சட்டிகள் இருந்தன.

அம்மாவின் பங்கும் உண்டு. மரங்களுக்கும் காசு என்று கேள்விப்பட்டு, எங்கிருந்தோ நாலு முழ மிளகுக் கொடியை வெட்டிக்கொண்டுவந்து, முருங்கையில் சுற்றி, வாழைநாரால் கட்டிவைத்தார். உத்தியோகத்தர் தொப்பி போட்ட மெலிந்த மனிதர். பலா இரண்டு, தென்னை ஐந்து, கமுகு பதினொன்று என்று விரலால் எண்ணி எழுதிக்கொண்டே வந்தவர், முருங்கையடியில் நின்று கொடியை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். வேரில்லாமல் நுனி காற்றில் ஆடியது. "இந்தக் கொடிக்கு ஒரு நாள் வயசு இருக்குமா அம்மா?" என்றார். "ரெண்டு நாள்" என்றார் அம்மா. அவர் சிரித்துவிட்டு, எழுதாமல் அடுத்த மரத்துக்குப் போனார். அவருடைய தாளில் மரத்துக்கு ஒரு கட்டம், சுவருக்கு ஒரு கட்டம், கூரைக்கு ஒரு கட்டம். வெள்ளையடித்ததற்குக் கட்டமே இல்லை.

அப்பா விடவில்லை. காசு கொடுக்காத சுண்ணாம்பை விட்டுவிட்டு, கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றினார். ஓடுகள், வளைகள், ஜன்னல்கள், பலா மரத்து முன்கதவு. எல்லாம் லொறியில் ஏறி மேலே வந்தன. நட்டஈட்டில் வாங்கிய இருபது பேர்ச்சஸ் காணியில் அந்தக் கதவுக்கு ஏற்ற வீடு கட்டச் சொன்னார். மேசன் பாஸ் கதவை அளந்தார், நிலையை வைத்தார், கதவு இரண்டு அங்குலம் குறைந்தது. அடியில் ஒரு பலகைத் துண்டு வைத்து ஆணி அடித்தார்கள். உப்புவது அந்தத் துண்டுதான்.

ஆக, விற்கப்போகிற வீட்டைச் சோடிப்பது எங்கள் பரம்பரைத் தொழில். திருத்த வேலைக்கு நான் போட்ட மதிப்பீடு நாலரை லட்சம். இருபத்தைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்குத் 'தெரியாக் கணியம் எக்ஸ்' என்று படிப்பித்தவன் நான். இந்தச் சமன்பாட்டில் எக்ஸ் என்பது பாஸ். 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயைச் சுற்றி நின்ற சீமெந்து மூட்டை 2022இல் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டு, பிறகு கொஞ்சம் இறங்குவதாகப் பாவனை காட்டிக்கொண்டிருந்த காலம். பாஸ் சுவரைத் தட்டினார், காது வைத்துக் கேட்டார், டொக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"மஹத்தயா, இதுக்கு மேலால பெயின்ட் அடிச்சா ஒரு மாசம் நிக்கும். கீழ இருந்து வரணும்."

கீழ் என்பது அத்திவாரம். நான் விற்கப்போகும் வீட்டுக்கு அத்திவாரத்திலிருந்து வைத்தியம் பார்க்க முடியாது, ஒரு மாசம் நின்றாலே போதும் என்று சொல்ல வாய் எடுத்தேன். வாத்தியார் என்ற மானம் தடுத்தது. அம்மா தடுக்கவில்லை. "ஒரு மாசத்துல வித்துருவான், நீ அடி பாஸ்" என்றார்.

முற்பணம் வாங்கிக்கொண்ட பாஸ் "ஹெட்ட எனவா" என்று சொல்லிப் போனார். ஹெட்ட என்றால் நாளை. அகராதியில் அப்படித்தான் இருக்கிறது. பாஸ்மாருடைய அகராதியில் அது இன்றைக்கு இல்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை. ஒன்பதாம் நாள் கோலயாவோடு, அதாவது கையாளோடு, வந்தார். வந்தபின் குறை சொல்ல முடியாது, வேலை சுத்தம். ஆனால் ஒரு சுவரைத் திறந்தால் இன்னொரு வேலையைக் கண்டுபிடிப்பார். குளியலறையில் டைல் போட ஆரம்பித்தவர் பைப் துருப்பிடித்திருப்பதைக் கண்டார். பைப்பை மாற்றப் போனவர் தண்ணீர் டாங்கி நிற்கும் தட்டு சரிந்திருப்பதைக் கண்டார். டாங்கியை இறக்கியவர் கூரையில் மரநாய் குடும்பத்தோடு குடியிருப்பதைக் கண்டார். வாடகை தராத குடித்தனக்காரர் பற்றி அறிவித்தலில் எழுத வேண்டுமா என்று தரகரைக் கேட்டேன். வேண்டாம் என்றார்.

மரநாயாவது இரவில்தான் வேலை செய்யும். குரங்குகள் பகல் ஷிப்ட். உடைந்த ஓடுகளை மாற்றி, பீலி கட்டி, பாஸ் ஏணியை மடக்கிய மறுநாள் காலை ஆறரைக்கு நக்கிள்ஸ் மலைப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. தலைவர் பெரிய உடம்பு. புதிய பீலியின் நடுவில் உட்கார்ந்தார். பீலி கொஞ்சம் வளைந்தது. எழுந்து நின்று குனிந்து பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் புதுக் கதிரை வந்தால் அதிபர் செய்வதை அப்படியே செய்தார். மூன்றாம் தரம் உட்கார்ந்தபோது பீலி கழன்று, அவரும் அதுவும் சேர்ந்து கொய்யா மரத்தில் விழுந்து, அவர் மட்டும் எழுந்து போனார். மொத்தம் பதினெட்டு ஓடுகள். மதிப்பீடு ஏழரை லட்சம்.

சுவர் வெடிப்புகளுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 2020 ஓகஸ்ட் 29ஆம் திகதி இரவு இந்தப் பகுதியில் நிலம் லேசாக அதிர்ந்தது. அந்த வருஷக் கடைசி வரைக்கும் இன்னும் சில தரம் அதிர்ந்தது. பெரிய அணைக்குப் பக்கத்தில் நிலம் அசைந்தால் யாருக்கும் தூக்கம் வராதுதானே! புவிச்சரிதவியல் அளவை ஆட்கள் கருவியோடு வந்தார்கள், நீர்த்தேக்கம் என்றார்கள், சுண்ணக்கல் என்றார்கள், பேப்பரில் படம் வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு ஊரில் எந்தச் சுவரில் எந்த வெடிப்பு இருந்தாலும் அது நிலநடுக்க வெடிப்பு. எங்கள் சாலைச் சுவரில் மூலையிலிருந்து ஜன்னல் வரை ஓடும் வெடிப்பையும் நாங்கள் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தோம். பாஸ் அதைத் திருகாணிச் சாவியால் கொத்தினார். உள்ளே நாலு அடுக்குப் பெயின்ட் தெரிந்தது: வெளியே மஞ்சள், அதற்குள் றோஸ், அதற்குள் இளம்பச்சை, கடைசியாக நீலம் போட்ட வெள்ளை.

"மஹத்தயா, பூமி ஆடினது மூணு வருஷத்துக்கு முந்தி. இந்த வெடிப்புக்குள்ள பச்சைப் பெயின்ட் போயிருக்கு. வீட்டுக்குப் பச்சை அடிச்சது எப்ப?"

பச்சை அடித்தது அக்கா கல்யாணத்துக்கு, 1991இல். நான் ஒன்றும் பேசாமல் பட்டி வாங்கப் போனேன்.

நிறம் தேர்வு செய்ததில் ஒரு வாரம் போனது. அண்ணன் வெளிர் நிறம்தான் வேண்டும் என்றார். வீடு பெரிதாகத் தெரியுமாம். பெயின்ட் கடையில் வெள்ளைக்கு மட்டும் இரண்டு பக்கம் இருந்தது. முட்டை ஓடு, தந்தம், முத்து, பால், மேகம். நான் மேகத்தைக் காட்டினேன். இயந்திரத்தில் கலக்கிக் கொடுத்த இரண்டு வாளியும் ஒரே இலக்கம். சுவரில் ஏறியதும் ஒன்று மழை மேகம், ஒன்று வெயில் மேகம். அம்மா வந்து பார்த்தார். "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனார். குசினியை மட்டும் அவர் தொடவிடவில்லை. பச்சையாகவே இருந்தது.

எல்லாம் முடிந்தபோது பதினொரு லட்சம். வீடு உண்மையாகவே அழகாக இருந்தது. குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, மூடினால் நின்றது. இரண்டும் ஒரே குழாயில் நடப்பதை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. மனைவி ஒருநாள் காலை தேத்தண்ணீரோடு விறாந்தையில் உட்கார்ந்து, "என்னங்க, ஏன் விக்கிறோம்?" என்றாள். பதினொரு லட்சம் செலவழித்தவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

கதவை மட்டும் பாஸ் சரி செய்யவில்லை. செய்யவிடவில்லை. அண்ணன் கண்ணாடிக் கதவு போடச் சொன்னார். பாஸ் அடித் துண்டை எடுத்துவிட்டுப் புது நிலை வைக்கிறேன் என்றார். அம்மா கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து இரண்டு நாள் பயறு பொறுக்கினார். ஒரு கிலோ பயறு. இரண்டு நாள். பாஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வாங்குபவர் வந்தது ஓகஸ்ட் கடைசியில். கொழும்பில் கணக்காளர், மனைவியோடு வந்தார். வார இறுதியில் வந்து தங்க, மற்ற நாளில் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விட, ஒரு லேக் வியூ வீடு தேடுகிறார். நாங்கள் அதிகாலையிலிருந்து ஆயத்தம். அறிவித்தலில் லேக் வியூ, கண்டியிலிருந்து ஒரு மணித்தியாலம், கிரிக்கெட் மைதானம் பக்கம் என்று எல்லாம் போட்டிருந்தது. ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அது 2023, மாதக்கணக்காக மழை இல்லை.

விறாந்தைக்கு வந்து நின்றவர் மேற்கே பார்த்தார். லேக் இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு நாடா மாதிரித் தண்ணீர் கிடந்தது. இந்தப் பக்கம் முழுக்க வெடித்த சேறு, காய்ந்த மரக் கட்டைகள், அவற்றுக்கு நடுவே வரிசையாக அத்திவாரங்கள், சுவர்த்துண்டுகள், பழைய ரோட்டின் வளைவு. பழைய தெல்தெனிய முழுதாக எழும்பி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருவர் கச்சான் விற்றார்.

"வியூ எங்கே?" என்றார் கொழும்புக்காரர்.

தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வரும் சேர். இப்ப லீவுல போயிருக்கு."

பேச்சை மாற்றலாம் என்று நான் சரித்திரத்தில் இறங்கினேன். இந்தப் பக்கம் சாதாரண இடமல்ல. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன், 1815 பெப்ரவரி 18ஆம் திகதி, இங்கே பக்கத்தில் மெதமஹாநுவரப் பகுதியில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தபோதுதான் பிடிபட்டான், வேலூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று விளக்கினேன். மனைவி பின்னாலிருந்து கிள்ளினாள். இந்தப் பக்கம் வந்து தங்கியவன் கதி என்ன ஆனது என்று வாங்க வந்தவரிடமா சொல்வது?

கொழும்புக்காரரின் மனைவி பயந்துதான் போனார். "ஊர் எப்படி? பிரச்சினை ஒண்ணும் இல்லையே?" என்று எங்கள் அம்மாவைக் கேட்டார்.

அம்மா விரலை மடக்கினார். "எண்பத்திமூணுல கடைய ஒடச்சாங்க. எண்பத்தஞ்சுல தண்ணி. ரெண்டாயிரத்துப் பதினெட்டு மார்ச்சுல இங்கயும் திகனப் பக்கமும் கடைங்க எரிஞ்சிச்சி, கர்பியூ போட்டாங்க. இருவதுல நெலம் ஆடிச்சி. போன வருஷம் கேஸ் இல்ல, கரண்ட் இல்ல. எல்லாம் வந்து போயிருச்சி மகள். இனி வர்றதுக்கு ஒண்ணுமில்ல."

தரகர் கண்ணை மூடிக்கொண்டார்.

கொழும்புக்காரர் வீட்டுக்குள் போனார். பதினொரு லட்சத்தையும் ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்தார். மேகங்கள் இரண்டையும் பார்க்கவில்லை. குழாயைத் திறக்கவில்லை. பீலி எங்கே என்று கேட்கவில்லை. வெளியே வந்து முன்கதவில் கை வைத்தவர்தான் நின்றார். மேலும் கீழும் தடவினார். விரல் மடக்கித் தட்டினார். "பழைய பலா. இப்ப இந்த அகலத்துக்குப் பலகையே கிடைக்காது. இது இந்த வீட்டுக்குச் செஞ்ச கதவு இல்லையே?"

அம்மா எழுந்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விறாந்தை ஓரத்துக்குப் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து, சேற்று வெளியைப் பார்த்தார். பழைய ரோடு வளையும் இடம், அதிலிருந்து வலப்பக்கம் நாலாவது அத்திவாரம், முன்னால் மூன்று கருங்கல் படி.

"அந்தா, அந்த மூணு படி தெரியிதா? அதுக்கு மேல நின்ன கதவு. மூணே படி. இவுங்கப்பா இங்க நாப்பத்தொண்ணு கட்டினாரு."

கொழும்புக்காரரின் மனைவி கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். படிக்குப் பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை கச்சான் சரையோடு உட்கார்ந்திருந்தது. சுவர் அரையடி உயரத்துக்கு நின்றது. சேற்று நிறம்தான். அப்பாவின் சுண்ணாம்பைத் தேடவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது.

பேரம் அன்றே தொடங்கியது. தண்ணீர் இல்லாத லேக் வியூவுக்குப் பத்து லட்சம் குறைக்க வேண்டும் என்றார் கொழும்புக்காரர். வருஷத்தில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கும் என்று சராசரி கேட்டார், கணக்காளர் அல்லவா. நான் கணக்கு வாத்தியார் அல்லவா, மாதவாரியாகச் சொல்லத் தொடங்கினேன். அம்மா இடையில் புகுந்தார். "தண்ணி இருந்தா லேக்கு தெரியும். தண்ணி இல்லாட்டி எங்க ஊரு தெரியும். ரெண்டுக்கும் சேத்துக் குடுங்க." தரகர் இருபது வருஷ அனுபவத்தில் கேட்காத வாதம். ஐந்து லட்சத்தில் முடிந்தது. கதவு? அது வீட்டோடு என்றார் அவர். அம்மா பதில் சொல்லவில்லை. இந்த முறை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

கடதாசி வேலை பற்றிச் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது. வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரிச் சிட்டை, மண்சரிவு பற்றிய கடிதம், நில அளவையாளரின் புது வரைபடம். ஒரு கந்தோரில் எங்கள் கோப்பைத் தேடியவர், பழைய வீட்டுக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் காணி தண்ணிக்குள்ள இருக்கே, எப்படி விக்கிறீங்க?" என்றார். இப்போது வெளியே இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததே என்று அடக்கிக்கொண்டேன்.

உறுதி எழுதிய நாளில் மழை பிடித்துவிட்டது. இடைப் பருவ மழை. கண்டியில் நொத்தாரிசு வீட்டு ஓட்டின்மேல் உலக்கை போட்டது மாதிரிக் கொட்டியது. காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதே மூன்று படியும் போய்விட்டிருந்தன. கதவும் உப்பியிருந்தது; நானும் மனைவியும் சேர்ந்து இழுத்துத்தான் பூட்டினோம். தரகர் பஸ்ஸிலிருந்தே கொழும்புக்காரருக்குப் படம் அனுப்பி, "சேர், வியூ திரும்ப வந்துட்டு" என்று எழுதினாராம். விலையைக் கூட்டலாமா என்று என் காதில் கேட்டார். நான் முறைத்தேன்.

நொத்தாரிசு வயதானவர், நிதானமானவர். உறுதியைச் சிங்களத்தில் வாசித்தார். அட்டவணைக்கு வந்தார். வடக்கே இன்னாருடைய காணி. கிழக்கே பிரதான வீதியிலிருந்து வரும் படிவழி. தெற்கே இன்னாருடைய காணி. மேற்கே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஒதுக்குக் காணி.

அம்மாவுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தார். "மேற்கே எங்க பழைய வீடுன்னு போடலியா?"

நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஓட்டைப் பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்தார், யோசித்தார், மூடினார். தாளைத் திருப்பி அடுத்த வரியை வாசிக்க ஆரம்பித்தார்: அதிலுள்ள மரங்கள், தோட்டங்கள், கட்டிடங்கள் மற்றும் யாவும்.

"கதவத் தவிர" என்றார் அம்மா.